மூக்கில் புகுந்த மின்கலம்

சிற்றூரிலே மாளிகைகளைக் காண விரும்புவோர் செட்டிநாட்டிற்குச் செல்லவேண்டும். சிவகங்கை மாவட்டத்தின் வடபகுதியில், திருப்பத்தூர் வட்டத்தில் உள்ள கீழச்சிவல்பட்டி அத்தகைய ஊர்களுள் ஒன்று. நெடிய தெருக்கள், நெடிய வீடுகள். முகப்பைக் கடந்தால் வளவு. வளவைக் கடந்தால் இரண்டாங்கட்டு. அதற்கும் அப்பால் அடுப்படி. பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களும் ஆத்தங்குடித் தளக்கற்களும் காண்போர் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும், இத்துணைப் பெரிய வீடுகள் பலவற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் முதியவர் ஓரிருவரே வாழ்கின்றனர். பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணி செய்கின்றனர். பொங்கல், கோடை விடுமுறை, கோயில் விழா, திருமணம் என்று ஏதேனும் ஒரு காரணம் வாய்க்கும்பொழுதே வீடு நிறைகிறது. அன்று பூட்டிய அறைகள் திறக்கப்படுகின்றன. வளவில் குழந்தைகளின் காலடி ஓசை கேட்கிறது. ஐயாவுக்கும் அப்பத்தாவுக்கும் உட்கார்ந்து உண்ணவும் நேரம் கிடைப்பதில்லை.

குழந்தை வாழாத வீடு குழந்தைக்கு ஏற்றவாறு அமைந்திருப்பதில்லை. அது வீட்டாரின் குற்றமன்று. மருந்துப் புட்டி மேசைமேல் இருக்கும். ஊசியும் நூலும் சன்னல் ஓரத்தில் இருக்கும். பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிய அன்றே இவற்றையெல்லாம் எவரேனும் எடுத்து உயரே வைத்துவிடுவர். எவர் கண்ணிலும் படாமல் தங்கிவிடும் பொருள் ஒன்று உண்டு. ஐயாவின் காது கேட்கும் கருவியில் அது இருக்கிறது. சர்க்கரை நோய்க்காக விரல் நுனி இரத்தத்தைச் சோதிக்கும் சிறு கருவியிலும், காய்ச்சல் பார்க்கும் மின் வெப்பமானியிலும் இருக்கிறது. கைக்கடிகாரம், கணக்கிடும் கருவி, காரின் சாவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, நடந்தால் ஒளி வீசும் குழந்தைச் செருப்பு ஆகியவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. கார்த்திகைத் திருநாளில் மண் அகலுக்குப் பதிலாகச் சிலர் வரிசையாக வைக்கும் பிளாஸ்டிக் விளக்கின் அடியிலும் அதுதான் எரிபொருள். பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி விழாவிலும் குன்றக்குடிப் பங்குனி உத்திரத்திலும் கடை விரிப்போர், சுழன்றால் வண்ண ஒளி சிந்தும் பம்பரத்தையும் விரலில் மாட்டும் விளக்கையும் விற்கின்றனர். அவற்றின் வயிற்றிலும் அதே பொருள் உண்டு.

அப்பொருள் பொத்தான் மின்கலம். கடைத்தெருவில் ‘பட்டன் செல்’ என்றும் ‘வாட்ச் பேட்டரி’ என்றும் கேட்டால் எடுத்துக் கொடுப்பர். அதன் முதுகிலே சில எழுத்துக்களும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ‘சி.ஆர். 2032’ என்பது அவற்றுள் ஒன்று. அதன் குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதே அவ்வெண்ணின் பொருள். விளையாட்டுப் பொருள்களில் மிகுதியாகக் காணப்படும் ‘எல்.ஆர். 44’ என்பது 11.6 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. ‘எல்.ஆர். 41’ இன்னும் சிறியது. 8 மில்லிமீட்டரினும் சற்றுக் குறைந்தது. காது கேட்கும் கருவிக்குரிய மின்கலங்களுள் ஒருவகையும் ஏறத்தாழ அதே அளவுதான். பெரிய வகை குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கும் அளவினது. சிறிய வகை குழந்தையின் மூக்குத் துளைக்குள் எளிதில் நுழையும் அளவினது. அளவை இங்கே விரித்துக் கூறியதற்கு அதுவே காரணம்.

வெள்ளியைப்போல் மின்னும் அச்சிறு வட்டம் ஆத்தங்குடித் தளத்தின்மேல் விழுமாயின், ‘ணங்’ என்று ஓசை எழுப்பி உருண்டு ஓடும். பெரியவர்களின் காதுக்கு அது பொருளற்ற ஓசை. தரையோடு தரையாக வாழும் மூன்று வயதுக் குழந்தைக்கோ அது ஓர் அழைப்பு. குழந்தை அதனை எடுக்கும்; புரட்டிப் பார்க்கும்; நாவால் தொட்டுப் பார்க்கும்; பின்பு எதற்குள்ளாவது நுழைத்துப் பார்க்கும். சாவித் துளை, சுவரின் வெடிப்பு, காது, மூக்கு ஆகிய எல்லாம் அதற்கு ஒன்றே. துளை இருந்தால் அதில் ஏதேனும் இடவேண்டும் என்பது அப்பருவத்தின் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சியைக் கடிந்து பயனில்லை. கடிந்தவரும் ஒரு காலத்தில் அதையே செய்தவர்தாம்.

குழந்தைகள் மூக்கில் பொருளை இட்டுக்கொள்ளுதல் புதிய செய்தியன்று. புளியங்கொட்டை, பாசிப்பயறு, குன்றிமணி, கண்ணாடி மணி, துணித்துண்டு என மூக்கினுள் கண்டெடுத்த பொருள்களை எண்ணிச் சொல்லாத மருத்துவர் இல்லை. கண்ணாடி மணி நாள் கணக்கில் உள்ளே கிடந்தாலும் தானாக எதுவும் செய்வதில்லை. பயறு ஈரத்தை உண்டு பருக்கும். அதனால் வலியும் அடைப்பும் உண்டாகும். துணித்துண்டு சீழ் பிடித்து நாற்றம் எழுப்பும். இவை எல்லாம் துன்பமே. ஆயினும் பொறுத்திருக்கும் துன்பம். இரவில் கண்டால் காலையில் மருத்துவரிடம் செல்லலாம் என்று பெரியோர் எண்ணிய வழக்கம் இத்தகைய பொருள்களால் வந்தது. அவ்வழக்கத்தைப் பொத்தான் மின்கலத்திற்கும் பொருத்துவதில்தான் இடர் இருக்கிறது. மணி, மூக்கினுள் கிடக்கிறது. மின்கலம், மூக்கினுள் வேலை செய்கிறது.

அவ்வேலை யாது என்பதை அறிய, 1800ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும். அவ்வாண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா ஒரு புதுமையை உலகிற்கு அறிவித்தார். வெள்ளித் தகடு ஒன்று, துத்தநாகத் தகடு ஒன்று, அவற்றின்மேல் உப்புநீரில் நனைத்த அட்டை ஒன்று; மீண்டும் வெள்ளி, துத்தநாகம், நனைந்த அட்டை. இவ்வாறு அடுக்கிக்கொண்டே சென்றார். அடுக்கின் அடியையும் முடியையும் இரு கைகளால் தொட்டபொழுது மின்னதிர்ச்சி உண்டாயிற்று. உலகின் முதல் மின்கலம் அதுவே. வட்டத் தகடுகளின் அடுக்காகிய அதனைச் சிறிதாக்கிச் சிறிதாக்கிச் சட்டைப் பொத்தானின் அளவிற்குக் கொண்டுவந்ததே இன்றைய பொத்தான் மின்கலம் எனலாம்.

வோல்ட்டாவின் செய்தி இலண்டனை எட்டிய அதே ஆண்டில், நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அத்தகைய அடுக்கு ஒன்றைச் செய்தனர். அதன் இரு முனைகளிலிருந்தும் கம்பிகளை எடுத்து நீரினுள் இட்டனர். கம்பிகளை ஒட்டி நீரில் குமிழிகள் எழுந்தன. நீர் தன் கூறுகளாகிய ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்தது. மின்சாரம் நீரைப் பிளக்கும் என்பதை உலகம் தெளிவாகக் கண்டது அன்றுதான். அன்று அவர்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் செய்ததைத்தான் இன்று பொத்தான் மின்கலம் குழந்தையின் மூக்கினுள் செய்கிறது. மூக்கின் உட்புறம் எப்பொழுதும் ஈரமானது. அவ்வீரம் உப்பும் கலந்தது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். மின்கலத்தின் இரு பக்கங்களும் ஈரத்தைத் தொட்டவுடன் மின்னோட்டம் தொடங்கிவிடுகிறது. எதிர்முனையின் பக்கத்தில் நீர் சிதைந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது; காரம் எஞ்சுகிறது.

இங்குக் காரம் என்பது மிளகாயின் காரமன்று, சவர்க்காரத்தின் காரம். எண்ணெயோடு சேர்ந்து அதனைச் சவர்க்காரமாக மாற்றும் அதே பொருள், உடலின் கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கிறது. அமிலம் பட்ட இடம் பெரும்பாலும் இறுகிப் பொருக்காகி, அமிலம் மேலும் உட்புகாமல் ஓரளவு தடுக்கும். காரம் பட்ட இடம் குழைந்து நீராகிவிடுவதால், காரம் தடையின்றி மேலும் மேலும் ஆழ்ந்து செல்கிறது. மின்கலம் சூடேறிச் சுடுகிறது என்றும், உள்ளிருக்கும் நஞ்சு கசிந்து கெடுக்கிறது என்றும் பலர் எண்ணுகின்றனர். கசிவும் சில வேளைகளில் உண்டு. ஆனால் கசிவே இல்லாத புத்தம் புதிய மின்கலமும், சிறிதும் சூடேறாமலே, தசையைக் கரைத்துவிடும். மருத்துவர்கள் இறைச்சித் துண்டின்மேல் மின்கலத்தை வைத்து இதனை விளக்கிக் காட்டுவதுண்டு. இரண்டு மணி நேரத்திற்குள் அவ்விடம் கருகிக் குழிந்துவிடுகிறது.

ஓய்ந்துபோன மின்கலம் ஒன்றும் செய்யாது என்னும் எண்ணமும் தவறானது. நீரைப் பிளப்பதற்கு ஏறத்தாழ 1.2 வோல்ட்டு போதும். லித்தியம் மின்கலத்தின் மின்னழுத்தம் 3 வோல்ட்டு. பிற பொத்தான் மின்கலங்களின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டை ஒட்டியது. கடிகாரத்தை ஓட்டுவதற்குப் போதாது என்று எடுத்தெறிந்த மின்கலத்திலும் குழந்தையின் மூக்கைப் புண்ணாக்குவதற்குப் போதுமான மின்சாரம் எஞ்சியிருக்கக்கூடும். இல்லத்தில் ‘பழைய செல்’ என்று சன்னல் ஓரத்தில் போட்டு வைப்பதே மிகுதி என்பதால் இச்செய்தி முதன்மையானது.

இத்தகைய மாற்றங்களை ஆராயும் அறிவியல் துறைக்கு மின்வேதியியல் என்று பெயர். அத்துறைக்கென்றே இந்திய நாடு நிறுவிய ஆராய்ச்சி நிலையம் கீழச்சிவல்பட்டிக்கு அணித்தே, காரைக்குடியில் இருக்கிறது என்பது பலர் எண்ணிப்பாராத ஒன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அதற்காக வழங்கினார். 1948ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் அந்நிலையத்தில், மின்கலத்தின் ஆற்றலை எவ்வாறு பெருக்கலாம், அதன் வாழ்நாளை எவ்வாறு நீட்டலாம் என்று அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர். சிறிய உருவில் பெரிய ஆற்றலை அடைத்தல் மனித அறிவின் வெற்றி என்பதில் ஐயமில்லை. கைக்கடிகாரமும் காது கேட்கும் கருவியும் எத்தனை முதியவர்களுக்கு உலகத்தோடு உள்ள தொடர்பைக் காத்துத் தருகின்றன! ஆனால் ஆற்றலுக்கு இடம் தெரியாது. கருவிக்குள் இருந்தால் கருவியை இயக்கும். மூக்கினுள் இருந்தால் மூக்கைக் கரைக்கும்.

மூக்கின் அமைப்பும் இத்தீங்கிற்கு ஏதுவாக இருக்கிறது. இரண்டு துளைகளுக்கும் இடையே ஒரு நடுச்சுவர் உண்டு. அதன் முன்பகுதி குருத்தெலும்பால் ஆனது. அக்குருத்தெலும்பினுள் இரத்தக் குழாய்கள் இல்லை. இருபுறமும் அதனைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்தே அது உணவைப் பெறுகிறது. சவ்வு அழிந்தால் குருத்தெலும்பும் பட்டினியால் மடியும். மூக்கினுள் புகுந்த மின்கலம் பெரும்பாலும் இச்சுவரில் சாய்ந்தே நிற்கிறது. அதன் அகன்ற முகத்தில் கூட்டல் குறி பொறித்திருக்கும். குறுகிய மறுமுகமே எதிர்முனை. குறுகிய முகம் எப்பக்கம் திரும்பியிருக்கிறதோ அப்பக்கமே பெருந்தீங்கு விளையும். அது நடுச்சுவரை நோக்கி இருந்துவிட்டால், சில மணி நேரத்தில் புண் உண்டாகிறது. ஒரு நாளுக்குள் சுவரில் ஓட்டை விழுந்த நிகழ்ச்சிகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அவ்வோட்டை பெரும்பாலும் தானாக மூடுவதில்லை. மூச்சு விடும்பொழுது சீழ்க்கை ஒலி எழும். உள்ளே பொருக்குத் தட்டும். அடிக்கடி குருதி கசியும். ஓட்டை பெரிதாயின், குழந்தை வளர வளர மூக்குத் தண்டு உள்வாங்கிச் சேணம்போல் பள்ளமாவதும் உண்டு. ஒரு மாலைப்பொழுதின் விளையாட்டு, முகத்தில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது.

கீழச்சிவல்பட்டியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். கோடை விடுமுறை. மதுரையிலிருந்து வந்த மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய அண்ணன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பு மாணவன். திருவிழாவில் வாங்கிய ஒளிப் பம்பரம் எரியாமற்போகவே, அண்ணன் அதன் அடிமூடியைத் திருகி எடுக்கிறான். உள்ளிருந்த மூன்று செல்களும் தரையில் சிதறுகின்றன. இரண்டு அகப்படுகின்றன. மூன்றாவதைத் தூணடியிலும் ஊஞ்சலடியிலும் தேடுகிறான், காணவில்லை. எங்கோ உருண்டுவிட்டது என்று எண்ணி வேறு விளையாட்டிற்குச் செல்கிறான்.

இரவில் சிறுமி மூக்கைத் தேய்க்கிறாள், அழுகிறாள். இடப்பக்க மூக்கில் மட்டும் நீர் வடிகிறது. “கிணற்று நீரில் ஆடினாள் அல்லவா? சளி பிடித்திருக்கிறது” என்கிறாள் அப்பத்தா. அன்பும் அனுபவமும் உடையவள். பல பிள்ளைகளை வளர்த்தவள். அவள் அறிந்தவரையில் அது சளியே. அலமாரியில் மூக்குச் சொட்டு மருந்து இருக்கிறது. தாய் அதில் இரண்டு துளி விடுகிறாள். அத்துளிகள் நல்லெண்ணத்தோடு விடப்பட்டவை. ஆனால் உள்ளே இருப்பது மின்கலமாயின் அவை அதற்கு உதவியாகவே அமைகின்றன. ஈரம் மிக மிக மின்னோட்டம் மிகும்; காரமும் நீரோடு கலந்து மூக்கின் உட்பகுதி எங்கும் பரவும். காலையில் வடியும் நீர் கருமையும் செம்மையுமாக மாறுகிறது, நாற்றமும் எழுகிறது. அப்பொழுதும் சளி முற்றிவிட்டது என்றே தோன்றக்கூடும்.

சளி இரு துளைகளையும் நாடும். ஒரு துளையில் மட்டும் வடிதல், அதிலும் கருமையோ குருதியோ நாற்றமோ கலந்து வடிதல், சிறு குழந்தையிடம் காணப்படுமாயின், உள்ளே ஏதோ புகுந்திருக்கிறது என்றே மருத்துவர்கள் முதலில் ஐயுறுவர். வீட்டில் உள்ளவர்களும் அவ்வாறே ஐயுறலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை.

இவ்வீட்டில் உண்மையை அறிந்தவர் உண்டா? உண்டு, இருவர். ஒருத்தி அச்சிறுமி. அவளுக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும் அடிவிழும் என்று அஞ்சிச் சொல்லமாட்டாள். மற்றொருவன் அவளுடைய அண்ணன். மூன்றில் ஒன்றைக் காணவில்லை என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். தங்கையின் அழுகைக்கும் காணாமற்போன செல்லுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் இரவில் ஒரு கணம் அவன் உள்ளத்தில் தோன்றுகிறது. ‘பொம்மையை ஏன் பிரித்தாய்?’ என்று அப்பச்சி கேட்பாரே என்ற அச்சமும் உடனே தோன்றுகிறது. அந்த அச்சம் வென்றால் பொழுது விடியும்வரை மின்கலம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். “அப்பத்தா, பம்பரத்தில் மூன்று செல் இருந்தன, இரண்டுதான் கிடைத்தன” என்ற ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்தால், அந்த வீட்டில் அதைவிட மதிப்புள்ள சொல் அன்று வேறெதுவும் இராது. இத்தகைய இடங்களில் மருத்துவருக்கு முதல் துணை அண்ணனோ அக்காளோதான். பொம்மையைப் பிரிப்பவரும், செல்லை மாற்றுபவரும், குழந்தையோடு தரையில் அமர்ந்து விளையாடுபவரும் அவர்களே அல்லரோ?

அவ்வாறு ஐயம் எழுந்தபின் வீட்டில் செய்யத்தக்கது மிகச் சிறிது, செய்யத்தகாதது மிகுதி. ஊக்கு, தலைமுடி ஊசி, சாமணம் இவற்றைக் கொண்டு எடுக்க முயன்றால் வழுவழுப்பான அவ்வட்டம் மேலும் உள்ளே நழுவும். மூக்குப்பொடி இட்டுத் தும்மச் செய்யும் பழைய முறை இதற்கு ஆகாது. நீரும் எண்ணெயும் சொட்டு மருந்தும் விடலாகாது. மூச்சை உறிஞ்சும்படி சொல்லலும் ஆகாது. மருத்துவமனையில் மயக்க மருந்து தரவேண்டியிருக்கலாம் ஆதலின், உணவும் கொடாதிருத்தல் நன்று. அதே வகைச் செல் இன்னொன்று வீட்டில் இருந்தால், அல்லது அதன் உறை கிடைத்தால், அதனைக் கையோடு எடுத்துச் செல்லலாம். மேலே பொறித்த எண் மருத்துவருக்கு அதன் அளவையும் வகையையும் உரைக்கும். பிறகு புறப்படவேண்டியதுதான். கீழச்சிவல்பட்டியிலிருந்து திருப்பத்தூருக்கோ காரைக்குடிக்கோ செல்லலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் அவ்வேளையில் அங்கு இல்லையெனில், சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை ஆகிய ஊர்களின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. 108 என்னும் எண்ணை அழைத்தால் ஊர்தி வரும். சிற்றூரில் வாழ்வோருக்கு வழித்தொலைவே நேரத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. ஆகையால் திண்ணையில் அமர்ந்து பேசுவதற்கு மிச்சம் ஏதுமில்லை.

மருத்துவர் முதலில் விளக்கொளியில் மூக்கினுள் நோக்குவார். வீக்கத்தால் பொருள் மறைந்திருந்தால் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பார். நாணயமும் மின்கலமும் அப்படத்தில் வெண்ணிற வட்டமாகவே தோன்றும். ஆனால் கூர்ந்து நோக்கினால் மின்கலத்தின் ஓரத்தில் வட்டத்துள் வட்டமாக இரட்டை வளையம் தெரியும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் அதன் ஒரு முகம் படிபோலச் சற்றுத் தாழ்ந்திருக்கும். எவர் ஒன்றும் சொல்லாதபொழுதும் அந்த இரட்டை வளையம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. பின்னர்த் தக்க கருவியால் மின்கலத்தை வெளியே எடுத்து, எஞ்சிய காரத்தைக் கழுவித் துடைப்பர். எடுத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று கருதலாகாது. சவ்வில் ஊறிய காரம் பின்னரும் சில நாள் தீங்கு செய்யும். ஆதலின் மருத்துவர் குறித்த நாள்களில் மீண்டும் மீண்டும் சென்று காட்டவேண்டும்.

மூக்கில் இட்டதை விடக் கொடியது விழுங்குதல். உணவுக் குழாயில் சிக்கிய மின்கலம் இரண்டு மணி நேரத்திற்குள் பெரும்புண்ணை உண்டாக்கும். அருகே செல்லும் பெரிய இரத்தக் குழாயையும் அரித்துவிடும். ஓராண்டு நிறைந்த குழந்தையாயின், விழுங்கிப் 12 மணி நேரத்திற்குள் என்று தெரிந்தால், மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு சிறுகரண்டித் தேன் கொடுக்கலாம் என்று 2018ஆம் ஆண்டு முதல் அமெரிக்க நஞ்சு மருத்துவ வல்லுநர்கள் அறிவுறுத்தி வருகின்றனர். ஆறு முறைக்குமேல் வேண்டா. தேனுக்காகப் பயணம் ஒரு நிமிடமும் தாழ்க்கவும் வேண்டா. தேன் மின்கலத்தைப் போர்த்திக் காரத்தின் வேகத்தைச் சற்றுத் தணிக்கிறது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் எக்காரணத்தாலும் தரலாகாது. மூக்கில் புகுந்ததற்கு இம்முறை பொருந்தாது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரீஸ் என்னும் பதினெட்டு மாதக் குழந்தை, தொலைக் கருவி ஒன்றிலிருந்து விழுந்த பொத்தான் மின்கலத்தை விழுங்கியதால் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் உயிர் நீத்தது. அதற்கும் முதலில் சளி என்றே எண்ணினர். தாய் அழுதுகொண்டு வீட்டிலே இருந்துவிடவில்லை. சட்டம் வேண்டுமென்று நாடெங்கும் குரல் கொடுத்தார். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அக்குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. பொத்தான் மின்கலம் உள்ள பொருள்களின் மூடி குழந்தையின் கையால் திறக்கமுடியாதவாறு இருக்கவேண்டும். உறையில் எச்சரிக்கை இருக்கவேண்டும். மின்கலத்தின் உறையையும் குழந்தை எளிதில் கிழிக்கலாகாது என்று அச்சட்டம் விதிக்கிறது. ஆஸ்திரேலியா அதற்கு முன்னரே, அதே ஆண்டு சூன் 22ஆம் நாள் முதல், இத்தகைய விதியைக் கட்டாயமாக்கியது. சில நிறுவனத்தார் நாவில் பட்டவுடன் குழந்தை துப்பிவிடும் வண்ணம் மின்கலத்தின்மேல் கசப்புப் பூசுகின்றனர். நல்ல முயற்சிதான்; ஆனால் மூக்கிற்குக் கசப்புத் தெரியாதே!

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. முத்திரை பெற்ற பொம்மையை வாங்குவோர் அதன் மின்கல மூடியைப் பார்த்தால், பொதுவாக அது ஒரு சிறு திருகாணியால் பூட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அத்திருகாணி விலையைக் கூட்டுவதற்காக வைத்ததன்று. ஆனால் சர்க்கரை பார்க்கும் கருவியும், வாழ்த்து அட்டையும், காரின் சாவியும், கார்த்திகை விளக்கும் பொம்மைகள் அல்லவே. அவற்றை அவ்விதி தொடுவதில்லை. மூடி தொலைந்த கருவியை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்துக்கொள்ளும் வழக்கமும் நம் நாட்டு வீடுகளில் உண்டு. சிக்கனம் நல்ல பண்பு என்பதை மறுப்பார் இல்லை. பொத்தான் மின்கலம் உள்ள கருவியில் மட்டும் அந்த ரப்பர் வளையம் மூடிக்கு ஈடாகாது.

பழைய செல்லை என்ன செய்வது என்பது எஞ்சிய கேள்வி. குப்பையில் இட்டால் குப்பையைக் கிளறும் குழந்தை எடுக்கும். மண்ணில் எறிந்தால் மண் கெடும். அதன் இரு முகங்களையும் சேர்த்து ஒட்டு நாடாவால் சுற்றிவிடுவது முதல் வேலை. பின்னர் இறுக மூடும் சிறு டப்பாவில் இட்டு உயரே வைத்து, நகரத்திற்குச் செல்லும்பொழுது பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறும் இடத்தில் கொடுத்துவிடலாம். செட்டிநாட்டு வீடுகளில் நகைக்கும் பத்திரத்திற்கும் இரும்புப் பெட்டி உண்டு. அதன் சாவி எப்பொழுதும் பெரியவர்களின் இடுப்பிலேயே இருக்கும். அப்பெட்டியின் ஒரு மூலையில், வைரத் தோட்டுக்குப் பக்கத்தில், நாலணா மதிப்பும் இல்லாத இந்த டப்பாவையும் அப்பத்தா வைத்துப் பூட்டினால் பார்ப்பவர் நகைக்கக்கூடும். விடுமுறை முடிந்து பேத்தி மதுரைக்குப் புறப்படும்வரை அவர்கள் நகைத்துக்கொண்டிருக்கட்டும்.